மீட்டரில் நல்ல சோக், ரிசீவரில் கெட்ட சோக்

வால்வு ரேடியோவின் பவர் சப்ளையில் இருக்கும் சோக் ஒன்று, அதாவது டி.சி.யில் மிஞ்சும் ஏ.சி. அலைவைத் தடுக்க இரும்பின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். சுருளின் ரெசிஸ்டன்ஸ் 290 ஓம். இண்டக்டன்ஸை (மாறும் கரண்ட்டைத் தடுக்கும் தன்மையை) அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் 24 ஹென்றி. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே 200 மெகா ஓமுக்கு மேல். இந்த மூன்று அளவுகளையும் பார்த்து "சோக் நன்றாக இருக்கிறது" என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். பத்து நாள் கழித்து அந்த வரியை அடிக்க வேண்டி வந்தது. ரிசீவரின் இரைச்சலுக்குக் காரணம் அந்தச் சோக்தான்.

வால்வு ரேடியோ பழுது பார்ப்பவர்களில் பலர் சோக்கை ஓம் மீட்டரால் மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதனால்தான் இந்த வேலையை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

ரிசீவர் 1950களைச் சேர்ந்த ஷார்ட்வேவ் செட். கோவையில் இருக்கும் மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருவருடையது. 40 மீட்டர் பேண்டில் மாலை நேரத்தில் கேட்பதற்கு இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார். பவர் சப்ளை அந்தக் காலத்து வழக்கமான அமைப்புதான்: 275-0-275 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி.யாக்கும் 5இசட்4ஜி ரெக்டிஃபையர் வால்வு, 16 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர், சோக், இன்னொரு 16 மைக்ரோ ஃபாரட். ஆடியோ அவுட்புட் வால்வு 6வி6. சோக்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 10 ஹென்றி, 100 மில்லி ஆம்பியர் என்று இருந்தது.

நடந்ததை அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் செட் திடீரென்று ஊமையாகிவிட்டது. சோக்கின் சுருள் உள்ளே அறுந்திருந்தது. அருகிலிருந்த வைண்டிங் கடையில் கொடுத்துப் புதுக் கம்பி சுற்றி வாங்கினார். செட் பாடியது, ஆனால் கூடவே இரைச்சல். "தம்பி, நாலு வால்வு மாத்திட்டேன், ரெண்டு கண்டென்சரும் மாத்திட்டேன். இரைச்சல் என்னை விட மாட்டேங்குது" என்றார்.

இன்னொன்றும் செய்திருந்தார். ரெக்டிஃபையரை அடுத்த முதல் கண்டென்சரின் இடத்தில் 100 மைக்ரோ ஃபாரட் போட்டிருந்தார். இரைச்சல் குறைந்து செட் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. அப்புறம் 5இசட்4ஜி உள்ளே பளிச்சென்று மின்னிச் செத்துவிட்டது. காரணம் இதுதான்: முதல் கண்டென்சர் பெரிதாக ஆக ஆக, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது நிரம்பும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். அந்தக் குறுகிய நேரத்தில் பாயும் கரண்ட்டின் உச்சம் பல மடங்காகும். சிலிக்கான் டையோடு அதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வின் கேத்தோடு பொறுக்காது, பவர் டிரான்ஸ்ஃபார்மரும் வீணாகச் சூடாகும். இரைச்சலை அடக்க முதல் கண்டென்சரைப் பெரிதாக்கும் வழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட்டில் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

ஆகவே முதல் வேலையாக அந்த 100 மைக்ரோ ஃபாரடைக் கழற்றி, இரண்டு இடத்திலும் அளந்து பார்த்த புது 16 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்களைப் போட்டேன். ரெக்டிஃபையரும் புதிது. மெயின்ஸில் தொடராக 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்து மெதுவாக உயிர் கொடுத்தேன். இரைச்சல் முழு பலத்தோடு வந்தது. சரி, இப்போது நோய் மறையாமல் வெளியே தெரிகிறது.

எந்த இரைச்சல்?

இரைச்சலில் இரண்டு வகை. ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவது, வால்வின் உள்ளீடான கிரிட்டின் கம்பி மெயின்ஸை வாங்கிக்கொள்வது போன்றவை 50 ஹெர்ட்ஸ். ஃபுல் வேவ் பவர் சப்ளையின் வடிகட்டல் தவறினால் வருவது 100 ஹெர்ட்ஸ். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் தெருமுனையில் இருக்கும் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் அருகே ஒரு நிமிடம் நின்று கேட்டால் போதும். அந்த ரீங்காரத்தின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ். எங்கள் ரிசீவர் அதே சுருதியில்தான் ரீங்கரித்தது.

வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் சத்தம் மாறவில்லை. முதல் ஆடியோ வால்வைப் பிடுங்கினேன், அப்போதும் மாறவில்லை. அப்படியானால் இரைச்சல் 6வி6 வழியாக நேரே எச்.டி. லைனிலிருந்து (வால்வுகளுக்கு உயர் வோல்ட் டி.சி. தரும் லைன்) வருகிறது.

எச்.டி. லைனில் இருக்கும் ரிப்பிளை, அதாவது டி.சி.யில் மிஞ்சி நிற்கும் ஏ.சி. அலைவை, அளக்கச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் ஏ.சி. ரேஞ்ச் போதும். மலிவான சில மீட்டர்கள் டி.சி.யையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால், சிவப்பு வயரில் தொடராக 0.47 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே கை வைப்பது 300 வோல்ட் டி.சி.யில். கிளிப் மாட்டுவதெல்லாம் சுவிட்சை அணைத்து, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கண்டென்சர்களை வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகுதான். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

அளவுகள் இவை. சோக்குக்கு முன்னால் 295 வோல்ட் டி.சி., பின்னால் 270. இடையில் விழுவது 25 வோல்ட். 290 ஓமால் வகுத்தால் கரண்ட் 85 மில்லி ஆம்பியர் சொச்சம். இந்த செட்டுக்கு அது சரியான அளவு, அதாவது எங்கும் அதிகக் கரண்ட் இழுக்கவில்லை. ரிப்பிள் சோக்குக்கு முன்னால் 12 வோல்ட், பின்னால் 2.1 வோல்ட்.

அந்த 2.1 தான் உறுத்தியது. 10 ஹென்றி சோக் 100 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை ஏறத்தாழ 6,280 ஓம். 16 மைக்ரோ ஃபாரட் காட்டுவது 100 ஓம். 12 வோல்ட் ரிப்பிள் இந்த இரண்டுக்கும் இடையே பிரிந்தால், பின்னால் 0.2 வோல்ட்தான் மிஞ்ச வேண்டும். பத்து மடங்கு அதிகமாக இருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டால், சோக்கைக் கழற்றாமலே அதன் இண்டக்டன்ஸைக் கணக்கிடலாம். முன்னால் உள்ள ரிப்பிளைப் பின்னால் உள்ள ரிப்பிளால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 2.53ஆல் பெருக்கி, இரண்டாவது கண்டென்சரின் மைக்ரோ ஃபாரட் அளவால் வகுக்க வேண்டும். வருவது ஹென்றி. இது 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ஓடும் ஃபுல் வேவ் சப்ளைக்கான எண். முன்பக்க ரிப்பிளில் 200 ஹெர்ட்ஸும் கொஞ்சம் கலந்திருப்பதால் விடை சற்று முன்னே பின்னே இருக்கும், ஆனால் பழுது பார்க்க இது தாராளம். எங்கள் செட்டில் 12ஐ 2.1ஆல் வகுத்தால் 5.7, ஒன்று கூட்டினால் 6.7, பெருக்கி வகுத்தால் 1.06 ஹென்றி.

எல்.சி.ஆர். மீட்டரில் 24 ஹென்றி காட்டிய அதே சோக், செட்டுக்குள் 1 ஹென்றி!

சுமையைக் குறைத்தபோது

என் முதல் சந்தேகம் சுருளின் சுற்றுகளுக்குள் ஷார்ட் இருக்குமோ என்பது. ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனாலும் ஓம் மீட்டரில் தெரியாது, இண்டக்டன்ஸ் மட்டும் சரியும். ஆனால் அப்படி இருந்தால் மேசையில் தனியாக அளக்கும்போதும் சரிந்திருக்க வேண்டும். இங்கே மேசையில் 24, செட்டில் 1. இரண்டு இடத்துக்கும் ஒரே வித்தியாசம், செட்டில் அதன் வழியே 85 மில்லி ஆம்பியர் டி.சி. ஓடுகிறது.

அதைச் சோதிக்க 6வி6-ஐப் பிடுங்கினேன். கரண்ட் 40 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. சுமை பாதியாகக் குறைந்தால் முன்பக்க ரிப்பிளும் பாதியாக வேண்டும், 5.6 வோல்ட் ஆனது. சோக் ஒழுங்காக இருந்தால் பின்பக்கமும் 1 வோல்ட் அருகே வர வேண்டும். வந்தது 0.38. கணக்குப் போட்டால் 2.5 ஹென்றி. கரண்ட் குறையக் குறைய இண்டக்டன்ஸ் ஏறுகிறது. என் பழைய சாமான் பெட்டியிலிருந்து 8 ஹென்றி சோக் ஒன்றை எடுத்து அதன் இடத்தில் மாட்டிப் பார்த்தேன். இரைச்சல் போய்விட்டது, ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் லேசாகக் கேட்டது.

மாற்றுச் சோக்கைப் போட்டதோடு வேலையை முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சோக்கின் பெட்டி ரிசீவரின் சேஸிஸோடு ஒட்டி வடிவமைக்கப்பட்டது. 70 வயதான செட்டில் அதன் சொந்த உறுப்பு இருந்த இடத்தில் வேறொன்றைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. தவிர, காரணம் தெரியாமல் விடவும் முடியவில்லை.

கோரின் ஓரத்தில் தெரிந்தது

சோக்கின் மேல் தகட்டைக் கழற்றிக் கோரின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது.

சோக்கின் கோர், ஆங்கில ஈ எழுத்து வடிவத் தகடுகளும் ஐ வடிவத் தகடுகளும் சேர்ந்தது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் இவற்றை மாற்றி மாற்றி அடுக்குவார்கள்: ஒரு ஈ இந்தப் பக்கமிருந்து, அடுத்த ஈ அந்தப் பக்கமிருந்து. தகடுகள் சேரும் இடங்கள் ஒன்றை ஒன்று மூடிக்கொள்ளும், காந்தப் பாதையில் இடைவெளியே இருக்காது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரி. ஆனால் டி.சி. ஓடும் சோக்கில் எல்லா ஈ தகடுகளும் ஒரே பக்கம், எல்லா ஐ தகடுகளும் எதிர்ப்பக்கம். நடுவில் மெல்லிய காகிதம் அல்லது அட்டை. பக்கவாட்டில் பார்த்தால் கோர் முழுக்க ஒரே நேர்க்கோடாக அந்தப் பிளவு தெரியும். இந்தச் சோக்கில் கோடு இல்லை. தகடுகள் கூடை முடைந்தது போல மாறி மாறி இருந்தன. வைண்டிங் கடையில் கம்பியைச் சரியாகச் சுற்றிவிட்டு, கோரை டிரான்ஸ்ஃபார்மர் போல அடுக்கிவிட்டிருந்தார்கள்.

அதனால் என்ன ஆகிறது? கடையில் சுற்று எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: 38 கேஜ் கம்பி, 2,200 சுற்று. அதில் 85 மில்லி ஆம்பியர் ஓடினால் 187 ஆம்பியர்-சுற்று. கோரின் காந்தப் பாதை 15 செ.மீ. இடைவெளி இல்லாதபோது அந்த 187-உம் இரும்பின் மேலேயே விழுகிறது. செ.மீ.க்குப் பன்னிரண்டரை. சாதாரண சிலிக்கான் ஸ்டீல் அந்த அளவில் 1.5 டெஸ்லாவைத் தொட்டு நிறைந்துவிடும். நனைந்து சொட்டும் துணி மேலும் தண்ணீர் குடிக்காது, அதுபோல டி.சி.யாலேயே நிறைந்துபோன இரும்பு, மேலே வரும் ரிப்பிளுக்கு அசைவதில்லை. ரிப்பிளைத் தடுக்க வேண்டிய சோக், 290 ஓம் ரெசிஸ்டருக்குக் கொஞ்சம் மேலான ஒரு பொருளாகத்தான் நிற்கிறது.

எல்.சி.ஆர். மீட்டர் டி.சி. எதையும் செலுத்தாமல் மிகச் சிறிய ஏ.சி.யில் அளக்கிறது. அந்த நிலையில் இடைவெளி இல்லாத கோர், இடைவெளி உள்ள கோரைவிட அதிகமாகவே காட்டும். 10 ஹென்றி என்று சீட்டு ஒட்டிய சோக் 24 காட்டியபோது "கொஞ்சம் கூடவே இருக்கிறது, நல்லதுதான்" என்று நினைத்தேன். அந்தக் கூடுதல்தான் எனக்குக் கிடைத்த முதல் தடயம், நான் அதைத் தவறாகப் படித்துவிட்டேன். இப்போதெல்லாம் சீட்டில் உள்ளதைவிட இரண்டு மடங்கு காட்டும் சோக்கைக் கண்டால் கோரின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வைண்டிங் கடையில்

கோவையில் மோட்டார் வைண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கடைக்காரரும் கை சுத்தமானவர். சுருளை வெளியே எடுத்துப் பார்த்தபோது அடுக்கு அடுக்காகக் காகிதம் வைத்து, வார்னிஷ் ஊற்றி, அழகாகச் சுற்றியிருந்தார். குறை சொல்லப் போகவில்லை, கோரைத் திரும்ப அடுக்க அவருடைய பிரெஸ்ஸும் கையும் தேவை என்றுதான் போனேன்.

எல்லா ஈ-யும் ஒரே பக்கம் போட வேண்டும், நடுவில் இடைவெளி வேண்டும் என்று சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோர்னா மாத்தி மாத்தித்தானுங்க போடோணும்? கேப் உட்டா அதிருமுங்களே" என்றார். நியாயமான கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரில் இடைவெளி விட்டால் சும்மா இருக்கும்போதே கரண்ட் இழுக்கும், அதிரும்.

"பழைய டியூப் லைட் சோக் ஏதாவது கிடக்குதாங்க?" என்று கேட்டேன். மூலையில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தோம். கோரின் நடுவே செருகிய அட்டைத் துண்டு தெரிந்தது. அவர் அதை நகத்தால் நெருடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "எத்தனை மில்லுங்க உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே லெதராய்டு என்ற இன்சுலேஷன் காகிதச் சுருளை எடுத்தார். டியூப் லைட் சோக்கில் ஓடுவது ஏ.சி. என்றாலும், இரும்பு நிறையாமல் காக்கும் வேலையை அங்கேயும் இடைவெளிதான் செய்கிறது.

எத்தனை மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதை அங்கேயே அளந்து பார்த்து முடிவு செய்தோம். ரிசீவரை வண்டியில் எடுத்துப் போயிருந்தேன். ஈ, ஐ தகடுகளைப் பிரித்து அடுக்கி, காகிதம் எதுவும் இல்லாமல் நேராக முட்டவைத்து இறுக்கியபோது 3 ஹென்றி சுமார். ஒரு ஜெராக்ஸ் தாள், ஏறத்தாழ 0.1 மி.மீ., வைத்தபோது 13 ஹென்றி. இரண்டு தாள் வைத்தால் 8. ஆக இடைவெளி கூடக் கூட இண்டக்டன்ஸ் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்குகிறது. உச்சத்தில் நிற்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கரண்ட் சற்றே கூடினாலும் சரிவு வேகமாக இருக்கும். மேலும் எழுதும் தாள் சூட்டிலும் இறுக்கத்திலும் நசுங்கிக்கொண்டே போகும். கடைசியில் 7 மில் லெதராய்டு, அதாவது 0.18 மி.மீ., வைத்தோம். ஐ அடுக்கு ஈ-யின் மூன்று கால்களையும் தொடுவதால் காந்தம் அந்த இடைவெளியை இரு முறை தாண்டுகிறது. ஆகவே கணக்குக்கு 0.36 மி.மீ. அந்த நிலையில் இரும்பில் 0.6 டெஸ்லா அளவுதான். மூச்சு விட இடமிருக்கிறது.

இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்து உலர்த்தினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

மாட்டிய பிறகு

முன்னால் ரிப்பிள் 12 வோல்ட், பின்னால் 0.2. கணக்கில் 9.7 ஹென்றி. டி.சி. அளவுகள் முன்பு இருந்தபடியே. இரண்டு மணி நேரம் ஓடிய பின் சோக் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் செலவாவது 2 வாட்தான், அதற்கு மேல் சூடாக அதற்குக் காரணமில்லை. தொட முடியாத சூட்டில் ஒரு சோக் இருந்தால் சோக்கை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் கரண்ட் இழுப்பது யார் என்று தேட வேண்டும். பெரும்பாலும் கசியும் எலக்ட்ரோலிட்டிக்கோ, முந்தைய வால்வோடு இணைக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிந்து கிரிட் வோல்டேஜ் ஏறிப்போன அவுட்புட் வால்வோதான். முதலில் இந்தச் சோக் அறுந்ததற்கும் அப்படி ஏதாவது காரணம் இருக்குமோ என்று 6வி6-இன் கிரிட்டில் அளந்தேன். பழைய காகிதக் கப்ளிங் கண்டென்சர் வழியாக ஒன்றரை வோல்ட் பாசிட்டிவ் ஏறியிருந்தது. அதையும் மாற்றினேன்.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சோக் அறுந்திருக்கும் செட்டை அப்படியே ஓடவிடாதீர்கள். சுமை இல்லாததால் முதல் கண்டென்சர் உச்ச வோல்டேஜ் வரை ஏறும். 275 வோல்ட் சுருளுக்கு அது 389 வோல்ட். 350 வோல்ட் கண்டென்சர் போட்டிருந்தால் வெடிக்கலாம். அறுந்த இடம் பல நேரம் வெளிச் சுற்றில், வயரோடு பற்றவைத்த முனையில், பச்சைப் பூத்து அரித்த புள்ளியாக இருக்கும். மேல் காகிதத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு புதுக் கம்பி சுற்றக் கொடுங்கள்.

இரண்டாவது, பெரிய டிரான்ஸ்மிட்டர்களில், குறிப்பாக 866ஏ போன்ற பாதரச ஆவி ரெக்டிஃபையர்களோடு வருபவற்றில், ரெக்டிஃபையருக்கு நேர் அடுத்து வருவது ஸ்விங்கிங் சோக் என்ற வகை. 5 முதல் 25 ஹென்றி என்று இரண்டு எண் எழுதியிருக்கும். கரண்ட் கூடினால் இண்டக்டன்ஸ் குறையட்டும் என்றே இடைவெளியைச் சிறிதாக வைத்துச் செய்தது அது. அதில் போய் லெதராய்டு செருகினால் நல்ல சோக்கைக் கெடுத்ததாகிவிடும்.

அமெரிக்க செட்டுகளில் இன்னொரு சங்கதி உண்டு. சிலவற்றில் சோக்கின் குறுக்கே சிறிய கண்டென்சர் ஒன்று இருக்கும். சோக்கோடு சேர்ந்து 120 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து ரிப்பிளைத் தடுப்பதற்காக. அங்கே மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸில் ரிப்பிள் 100 என்பதால் அந்தச் சுருதி தப்பிவிடும். கண்டென்சரின் அளவை 1.44 மடங்காக்கினால் சேரும். 10 ஹென்றிக்கு 0.176 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 0.25. வோல்டேஜ் தாங்கும் அளவைத் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவரிடம் செட்டைக் கொடுத்த மாலை, அவர் ஹெட்ஃபோனை மாட்டி, ஆன்டெனாவைக் கழற்றி, வால்யூமைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவுமில்லாததைக் கேட்டார். பிறகு ஆன்டெனாவை மாட்டி 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போனார். நான் கிளம்பும் முன் சேஸிஸின் அடியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "சோக் கோரில் 7 மில் இடைவெளி. பிரித்தால் ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம். 85 மில்லி ஆம்பியரில் பின் ரிப்பிள் 0.2 வோல்ட்."